கள உத்தியோகத்தரின் குறையை யார் கேட்பது?

2015 ஆம் ஆண்டு, நோன்புக்கு முந்திய மாதம். சாய்ந்தமருதில் கடற்கரைப் பக்கமாக உள்ள ஒரு பாலர் பாடசாலைக் கட்டடத்தில் பெண்களுக்கான தலைமைத்துவப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. நடத்தியவள் நான். வந்திருந்த பெண்களில் பெரும்பாலானோர் கணவரை இழந்தவர்கள். யுத்த காலத்தில் வயலுக்கும் விறகுக்கும் போய்த் திரும்பி வராதவர்களின் மனைவிமார் இருந்தார்கள். சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரும் இருந்தார்கள்.

சுவரில் ஒட்டியிருந்த பெரிய தாளில் ‘நல்ல தலைவியின் பண்புகள்’ என்று தலைப்பிட்டு, அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினேன். மற்றவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பவர். ஆளுக்கொரு நீதி பேசாதவர். காசுக்குக் கணக்குக் காட்டுபவர். தன் பிழையை ஒப்புக்கொள்பவர். எழுதிக்கொண்டிருக்கும்போதே என் போன் ஒலித்தது. எங்கள் இணைப்பாளர். முந்திய நாள் அனுப்பிய அறிக்கையில் ஓர் எண்ணிக்கை பிழைத்துவிட்டது. அதற்காக அவர் போட்ட சத்தம் முன்வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். வெளியே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

பயிற்சி முடிந்து எல்லோரும் எழுந்தபோது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு தாய் என் கையைப் பிடித்தார். “ஏன் புள்ள, நல்ல தலைவி எப்பிடி இரிக்கணும் என்டு எங்களுக்குச் சொல்லித்தாறீங்க. உங்கட ஒபிஸ்ல அப்பிடியா இரிக்கி?” என்று கேட்டார்.

நான் சிரித்து மழுப்பிவிட்டேன். அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கடலுக்குப் பின் வந்த வேலை

2004 டிசம்பர் 26 ஆம் திகதி வந்த சுனாமி இலங்கையில் அதிக உயிர்களைக் கொண்டுபோனது அம்பாறை மாவட்டத்தில்தான். பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் இங்கே இறந்தனர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று கரையோரம் முழுவதும் வீடுகள் இருந்த இடங்களில் அத்திவாரங்களே எஞ்சின. அதன் பின் உள்நாட்டு, வெளிநாட்டு நிறுவனங்கள் வந்தன. அவற்றுக்கு வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் பேசக்கூடிய பெண்கள் தேவைப்பட்டார்கள். ஆசிரியத் தொழிலையும் கைத்தறியையும் தையலையும் தவிர வேறு வேலைக்குப் பெண்கள் அதிகம் போயிராத எங்கள் ஊர்களில் கள உத்தியோகத்தர், ஊக்குவிப்பாளர் என்ற புதிய வேலைகள் இப்படித்தான் நுழைந்தன.

எனக்கு மூத்த ராத்தாமார் பலர் இந்த வேலையில் சேர்ந்தார்கள். அது அவர்களுக்கு இலேசாகக் கிடைக்கவில்லை. வாப்பாவிடம் அனுமதி, நானாமாரிடம் சமாதானம், ‘பொம்புளப் புள்ள மஃரிபுக்குப் புறகும் ரோட்டுல திரியிது’ என்ற அயலாரின் பேச்சு என்று எல்லாவற்றையும் தாண்டியே அவர்கள் போனார்கள். கணவரை இழந்தவர்களுக்கோ அந்தச் சம்பளம்தான் குடும்பத்தின் அடுப்பு.

இந்த வேலையை விட்டுவிட்டால் ‘நாங்க அப்பவே சொன்னமே’ என்று வீடு சொல்லும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே அலுவலகத்தில் என்ன நடந்தாலும் வீட்டில் சொல்வதில்லை. வீட்டில் என்ன நடந்தாலும் அலுவலகத்தில் சொல்வதில்லை. இரண்டு பக்கமும் பூட்டிய வாயோடுதான் எங்களில் பலர் வேலை செய்தோம்.

சம்பளம் மட்டும் அல்ல குறை

கள உத்தியோகத்தர்களின் மனக்குறை என்றதும் சம்பளம் போதாது என்பதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். சம்பளம் போதாதுதான். ஆனால் நாங்கள் நாலு பேர் சேர்ந்து கதைக்கும்போது முதலில் வருவது அதுவல்ல. நடத்தப்படும் விதமே முதலில் வரும்.

பயனாளிகளுக்கு முன்னால் ஏசுவது. கூட்டத்தில் நாம் சொன்ன யோசனையைத் தட்டிவிட்டு, அதையே அடுத்த மாதம் தங்கள் யோசனையாகச் சொல்வது. விருப்பமானவருக்குக் கொழும்புப் பயிற்சியும் மற்றவருக்குத் தூரக் கிராமமும் கொடுப்பது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவு கேட்டால் ‘அதுக்குத்தான் பொம்புளயள எடுக்கிறல்ல’ என்பது. வட்டிக்குக் கடன் வாங்கிய பெண்ணுக்கு உதவி வரும் என்று எங்களைச் சொல்ல வைத்துவிட்டு, பின்னர் திட்டத்தை மாற்றுவது. பட்டியலை மாற்றுபவர் மேசையில் இருக்கிறார். அந்தப் பெண்ணின் வாசலில் போய் நின்று முகம் கொடுக்க வேண்டியவர் கள உத்தியோகத்தர்.

இவற்றைச் சொல்லப் போனால் ஒரே பதில்தான் வரும். “நீங்க சேவை செய்ய வந்தவங்க.” இந்த வாசகம் வாயை அடைப்பதற்கு மிகவும் வசதியானது. சேவை என்று சொல்லிவிட்டால் ஓய்வு கேட்பது சுயநலமாகிவிடுகிறது, சம்பளத் திகதி கேட்பது பேராசையாகிவிடுகிறது. உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் எங்களுடையது. சேவை செய்பவருக்கு அது பொருந்தாது என்று யாரும் விலக்குச் சொல்லவில்லை.

உலகறிந்த நிறுவனத்திலும் இதே நோய்

இது எங்கள் ஊர்ச் சிறு நிறுவனங்களுக்கு மட்டும் உரிய நோய் என்று நானும் நினைத்திருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது சர்வதேச மன்னிப்புச் சபையில் நடந்த சம்பவம்.

1961 இல் லண்டனில் தொடங்கி, 1977 இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்ற மனித உரிமை நிறுவனம் அது. காணாமல் ஆக்கப்பட்டோருக்காகவும் சிறையில் வாடுவோருக்காகவும் அது குரல் கொடுப்பதை எம் நாட்டவரும் அறிவர். அதன் பாரிஸ் அலுவலகத்தில் கயெத்தான் மூத்தூ என்ற ஆய்வாளர் இருந்தார். மொரீசியஸ் தீவைச் சேர்ந்தவர். மேற்கு ஆபிரிக்க நாடுகளில் நடந்த உரிமை மீறல்களை 30 ஆண்டுகளுக்கு மேலாக ஆவணப்படுத்தியவர். 2018 மே மாதம், தமது 65 ஆவது வயதில், அலுவலகத்திலேயே அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். வேலைப் பளுவையும் தமக்குக் கிடைக்காத உதவியையும் பற்றி அவர் எழுதி வைத்திருந்தார். லண்டனில் இருந்த வேலைகளைப் பல நாடுகளின் பிராந்திய அலுவலகங்களுக்குப் பிரித்த மறுசீரமைப்பின்போது அவர் பாரிஸில் தனித்துப் போயிருந்தார். பின்னர் ஒரு சட்டத்தரணி நடத்திய சுயாதீன விசாரணை, முகாமைத்துவம் அவர் விடயத்தில் பாரதூரமாகத் தவறியிருந்தது என்று கண்டது.

இதையடுத்து, ஊழியர் நலன் பற்றி ஆராயும் பொறுப்பு கொன்டெரா என்ற வெளி நிறுவனத்திடம் கொடுக்கப்பட்டது. அதன் அறிக்கை 2019 பெப்ரவரியில் வெளியானது. கருத்துக்கணிப்பில் 475 ஊழியர்கள் பங்குபற்றினர். அவர்களில் 39 சதவீதமானோர் இந்த வேலையின் நேரடி விளைவாகத் தங்களுக்கு உடல் நோயோ மன நோயோ ஏற்பட்டதாகச் சொன்னார்கள். சித்திரவதைக் கதைகளைக் கேட்டுக் கேட்டு மனம் நொந்ததால் வந்த நோய் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். அதுவும் இருந்தது. ஆனால் பிரதான காரணம் நிறுவனத்தின் பண்பாடும் முகாமைத்துவத்தின் தவறுகளும்தான் என்று அறிக்கை சொன்னது. மேலதிகாரிகள் கூட்டங்களில் ஊழியரைச் சிறுமைப்படுத்தியது, வேண்டியவர் வேண்டாதவர் என்று பிரித்தது, ‘நாங்கள்’, ‘அவர்கள்’ என்று இரண்டு பக்கமாகிப் போனது எல்லாம் அதில் பதிவாகின. தம்மை வருத்திக்கொள்வதே தியாகம் என்ற எண்ணம் ஊழியர்களிடையே ஊறியிருந்ததையும் அது சுட்டிக்காட்டியது.

‘சேவை செய்ய வந்தவங்க’ என்று எங்களுக்குச் சொல்லப்பட்ட அதே பாடம் அங்கேயும் படிப்பிக்கப்பட்டிருந்தது.

அறிக்கை மறைக்கப்படவில்லை, பகிரங்கமாக வெளியிடப்பட்டது என்பதைப் பாராட்டத்தான் வேண்டும். உயர் தலைமைக் குழுவில் இருந்த ஏழு பேரும் பதவி விலக முன்வந்தனர். அவர்களில் ஐந்து பேர் அவ்வாண்டில் விலகிச் செல்வதாக அறிவிக்கப்பட்டது. ஆனால் ஓர் உயிர் போன பின்னரே குறை காதில் விழுந்தது.

மூதூரை மறக்க முடியுமா?

கிழக்கில் கள வேலைக்கு இன்னொரு முகமும் உண்டு. 2006 ஓகஸ்ட் 4 ஆம் திகதி மூதூரில் ‘அக்சன் பாம்’ என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் உள்நாட்டு ஊழியர்கள் 17 பேர் அவர்களது அலுவலக வளவுக்குள்ளேயே கொல்லப்பட்டார்கள். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். நால்வர் பெண்கள். திருகோணமலையிலிருந்து வேலைக்குப் போனவர்கள், சண்டை மூண்டதால் திரும்பி வர முடியாமல் அகப்பட்டிருந்தார்கள். இக்கொலைக்காக இதுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

கொலைக்குப் பொறுப்பு கொன்றவர்களுடையதே. அதில் இரு கருத்து இல்லை. ஆனால் அந்தப் பதினேழு குடும்பங்களின் துயரம் இங்கு இயங்கும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு பாடத்தை விட்டுச்சென்றது. “இண்டைக்கு அந்தப் பாதை சரியில்ல, போகேலாது” என்று களத்தில் இருப்பவர் சொன்னால் அதைச் சோம்பலாக எண்ணக்கூடாது. பாதையை அறிந்தவருக்கு அதைப் பற்றிப் பேச இடம் இருக்க வேண்டும். 2019 ஏப்ரல் 26 ஆம் திகதி சாய்ந்தமருதில் நடந்த குண்டுவெடிப்புக்குப் பின்னரான வாரங்களில் அபாயா அணிந்து வீதியில் இறங்கவே எங்கள் பெண்கள் அஞ்சினார்கள். அந்த நாட்களிலும் வரவுப் பதிவைக் கேட்ட அலுவலகங்கள் இருந்தன.

சட்டம் என்ன சொல்கிறது?

மனக்குறை எல்லாவற்றையும் சட்டம் தீர்க்காது. ஆயினும் எது கருணை, எது உரிமை என்று தெரிந்திருப்பது நல்லது.

ஊழியர் சேமலாப நிதி: 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டப்படி உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம் கழிக்கப்பட்டு, தொழில் தருநர் 12 சதவீதம் சேர்த்துச் செலுத்த வேண்டும். ‘தொண்டர்’ என்று பெயர் வைத்து, சம்பளத்தைக் ‘கொடுப்பனவு’ என்று எழுதி இதைத் தவிர்க்கும் வழக்கம் உண்டு. பத்துப் பேருக்குக் குறைவானோர் வேலை செய்யும் தர்ம நிறுவனங்களுக்கு விலக்கு இருப்பதால், உங்கள் அலுவலகத்தில் எத்தனை பேர் என்பதையும் பாருங்கள்.

ஊழியர் நம்பிக்கை நிதி: தொழில் தருநர் 3 சதவீதம் செலுத்த வேண்டும். இது உங்கள் சம்பளத்தில் கழிக்கப்படக்கூடாது.

பணிக்கொடை: 1983 ஆம் ஆண்டின் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து ஆண்டுகள் பூர்த்தி செய்த மாதச் சம்பள ஊழியருக்கு, ஓராண்டுக்கு அரை மாதச் சம்பளம் வீதம் கிடைக்க வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு புதுக் கடிதம் தரும் இடங்களில் பழைய கடிதங்களையும் பத்திரப்படுத்தி வையுங்கள்.

பிரசவ லீவு: தனியார் துறையில் மூன்றாவது பிள்ளை முதல் 42 நாட்களாகக் குறைக்கப்பட்டிருந்தது. 2018 இல் வந்த திருத்தத்தின் பின் எந்தப் பிள்ளைக்கும் 84 நாட்கள்.

பாலியல் தொந்தரவு: தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவு 1995 இல் திருத்தப்பட்டதிலிருந்து, வேலைத்தலத்தில் அதிகாரத்தில் உள்ளவர் சொல்லாலோ செயலாலோ செய்யும் பாலியல் தொந்தரவும் குற்றமாகும். ஐந்து ஆண்டுகள் வரை சிறை விதிக்கலாம்.

வேலை நீக்கம்: அநியாயமாக நிறுத்தப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும். ‘பார்ப்பம், பார்ப்பம்’ என்று நாட்களை ஓட விடாதீர்கள்.

சர்வதேச தொழில் அமைப்பு 2019 ஜூன் மாதம் நிறைவேற்றிய 190 ஆவது சமவாயத்தையும் அறிந்திருங்கள். வேலை உலகில் வன்முறைக்கும் தொந்தரவுக்கும் எதிரான அச்சமவாயம் தொண்டர்களையும் பயிற்சியில் இருப்போரையும் உள்ளடக்குகிறது. அலுவலகத்தில் நடப்பதை மட்டுமன்றி, வேலைப் பயணத்திலும் போன் வழியாகவும் நடப்பதையும் அது கணக்கில் எடுக்கிறது.

ஏழு கையெழுத்துக்கள்

அந்தத் தாய் என் கையைப் பிடித்த அடுத்த ஆண்டு, எங்கள் அலுவலகத்தின் கள உத்தியோகத்தர்கள் ஏழு பேரும் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு ராத்தாவின் வீட்டில் கூடினோம். அழுவதற்குத்தான் கூடினோம் என்றும் சொல்லலாம். அழுது முடிந்த பின் அந்த ராத்தா சொன்னார், “அழுதது போதும். ஒரு கொப்பி எடுங்க.”

நான்கு விடயங்களை மட்டும் எழுதினோம். களத்தில் நிற்கும்போது போனில் ஏசக்கூடாது. நாலரை மணிக்குப் பின் தூரக் கிராமத்தில் நிற்க வைக்கக்கூடாது. சம்பளம் பிந்துவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மாதக் கூட்டத்தில் முதல் அரை மணி நேரம் கள உத்தியோகத்தருடையதாக இருக்க வேண்டும், அதில் பேசப்படுவது கூட்ட அறிக்கையில் எழுதப்பட வேண்டும். யாருடைய குணத்தைப் பற்றியும் ஒரு சொல் எழுதவில்லை. நடந்தவற்றைத் திகதியோடு எழுதினோம். ஏழு பேரும் கையெழுத்து வைத்து, இணைப்பாளருக்கும் பணிப்பாளர் சபைக்கும் பிரதி கொடுத்தோம்.

மூன்று வாரம் ஒரு பதிலும் இல்லை. பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு “இத எழுதினது யார்?” என்று கேட்டார்கள். “ஏழு பேரும்” என்று சொல்வதென்று முன்பே பேசி வைத்திருந்தோம். ஏழு பேரும் அப்படியே சொன்னோம். அந்த நேரத்தில் இருந்த நெஞ்சிடியை இப்போதும் உணர முடிகிறது. இறுதியில் பணிப்பாளர் சபையில் இருந்த, ஓய்வுபெற்ற அதிபரான ஒரு பெண்மணி கடிதத்தைச் சபையில் வாசிக்க வைத்தார். நேரக் கட்டுப்பாடு வந்தது. கூட்டத்தில் அரை மணி நேரம் கிடைத்தது. ஏச்சு நிற்கவில்லை, ஆனால் குறைந்தது. சம்பளம் வழமை போலப் பிந்தியது.

டிசம்பரில் எங்களில் ஒருவரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. நிதி இல்லை என்றார்கள். கணவர் இல்லாமல் மூன்று பிள்ளைகளை வளர்த்தவர் அவர்தான். நாங்கள் அவருக்காக இன்னொரு கடிதம் எழுதவில்லை. பயந்துவிட்டோம். இன்று அவர் வீட்டிலிருந்து தைக்கிறார். என்னைக் கண்டால் சிரித்துத்தான் பேசுவார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கும்.

கதிரை மாறியபோது

கதையை இத்தோடு முடித்தால் நான் நல்லவளாகத் தெரிவேன். அது முழு உண்மையாகாது.

2022 இல், வேறொரு நிறுவனத்தில், நான் இணைப்பாளராக இருந்தேன். எரிபொருள் வரிசை ஊரைச் சுற்றி நீண்டிருந்த காலம். காலாண்டு அறிக்கைக்கு ஒரு கிராமத்தின் விபரம் வரவில்லை. பொறுப்பான தங்கச்சிக்கு ஒரு பின்னேரத்தில் நாலு தடவை போன் எடுத்தேன். நாலாவது தடவை கத்தினேன். அவள் மெதுவாகச் சொன்னாள், “மெடம், விடியலிலிருந்து பெற்றோல் லைன்ல நிக்கிறன்.” அதற்கு நான் சொன்னேன், “டோனர் கேக்கிறாங்க, நான் என்ன செய்ய?”

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. எனக்குச் சொல்லப்பட்ட அதே வசனம், அதே தொனி.

அன்றுதான் எனது பழைய இணைப்பாளரையும் எனக்கு விளங்கியது. அவரை நான் நியாயப்படுத்தவில்லை. நிதி தருபவர் எண்ணிக்கை கேட்கிறார். கொழும்பு அலுவலகம் மாவட்டத்தை நெருக்குகிறது. மாவட்டம் களத்தை நெருக்குகிறது. அழுத்தம் படிப்படியாக மேலிருந்து கீழே இறங்குகிறது. குறைகள் அதே படிகளில் ஏறிப் போவதில்லை. ஏறினால் தன் பெயர் கெட்டுவிடும் என்று ஒவ்வொரு படியிலும் இருப்பவர் பயப்படுகிறார். ஆகவே ஆளை மாற்றினால் மட்டும் போதாது, குறை மேலே போவதற்கு ஒரு வழியும் இருக்க வேண்டும். அந்த அரை மணி நேரமும் கூட்ட அறிக்கையும் சிறிய விடயங்கள் அல்ல.

அடுத்த நாள் அந்தத் தங்கச்சியிடம் மன்னிப்புக் கேட்டேன். தனியாக அல்ல, மற்றவர்களுக்கு முன்னால். ஏசியது எல்லோருக்கும் கேட்டிருந்ததே. பெற்றோல் தட்டுப்பாட்டினால் பிந்துகிறது என்று அறிக்கையிலும் எழுதி அனுப்பினேன். ஒரு கெடுதியும் நடக்கவில்லை. “விளங்குகிறது” என்று பதில் வந்தது.

உங்கள் சங்கத்திலும் பாருங்கள்

இதை வாசிக்கும் எல்லோரும் அலுவலகத்தில் வேலை செய்பவர்கள் அல்ல என்பது தெரியும். ஆனால் உங்களில் பலர் மாதர் சங்கத்தில், சேமிப்புக் குழுவில், கிராம அபிவிருத்திச் சங்கத்தில் இருக்கிறீர்கள். அங்கேயும் பாருங்கள். பத்து வருடமாக ஒரே பொருளாளரா? கடன் யாருக்கு என்பதைக் கூட்டத்தில் தீர்மானிக்கிறீர்களா, தலைவியின் குசினியிலா? கேள்வி கேட்ட பெண் அடுத்த கூட்டத்துக்கு வந்தாளா? பள்ளிவாசல் விடயத்துக்கும் கலியாண விடயத்துக்கும் மஷூரா செய்கிறோம். எங்கள் சங்கத்திலும் வேலைத்தலத்திலும் அது ஏன் கூடாது?

உங்கள் வீட்டுக்கு வரும் கள உத்தியோகத்தரையும் ஒரு நிமிடம் பாருங்கள். பட்டியலில் உங்கள் பெயர் விடுபட்டதற்கு அவள் காரணமாக இல்லாமல் இருக்கலாம். அவள் நிறுவனத்தின் கூட்டத்துக்கு உங்களை அழைத்தால் அங்கே நீங்கள் எழுந்து கேட்கலாம். பயனாளியின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது அவர்களுக்கு இலேசல்ல.

தாங்க முடியாத மனப் பாரம் இருந்தால் தனியே சுமக்க வேண்டாம். தேசிய மனநல உதவிச் சேவையின் 1926 என்ற இலக்கமும் பெண்களுக்கான 1938 என்ற இலக்கமும் உள்ளன.

சாய்ந்தமருதில் என் கையைப் பிடித்த அந்தத் தாயை அதன் பின் நான் காணவில்லை. கண்டால் இப்படிச் சொல்வேன். “இல்ல உம்மா, எங்கட ஒபிஸ்ல அப்பிடி இரிக்கல்ல. நீங்க கேட்ட புறகுதான் நாங்களும் கேட்கத் தொடங்கின.”